விரல் நின்ற இடம்

விரலை எடுக்காமலேயே அம்மா என்னைக் கூப்பிட்டாள். நான் வேலைக்குக் கிளம்பி ஒரு காலில் செருப்பை மாட்டியிருந்தேன். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பைபிள் திறந்திருந்தது. வலது கையின் ஆள்காட்டி விரல் ஒரு வரியின்மேல் அழுந்தியிருந்தது, நகம் வெளுக்கும் அளவுக்கு. எடுத்தால் அந்த வரி ஓடிவிடும் என்பதுபோல.

"இங்க பாரு. படி."

குனிந்து படித்தேன். யோபுவின் புத்தகம். அடிப்பவரும் அவர்தான், காயத்தைக் கட்டுபவரும் அவர்தான் என்ற பொருளில் ஒரு வரி. அதற்கு அடுத்ததில், ஆறு துன்பங்களிலிருந்து உன்னை விலக்குவார், ஏழாவது வந்தாலும் உன்னைத் தொடாது என்று இருந்தது.

"பார்த்தியா? கட்டறது அவர் கை. டாக்டர் கை இல்ல."

"அம்மா..."

"ஆபரேஷன் வேண்டாம். உங்கப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன். நீ கிளம்பு, பஸ் போயிடும்."

பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போது அம்மாவின் கழுத்தைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். கட்டி முதலில் ஒரு பட்டாணி அளவுதான் இருந்தது. பிறகு அவள் எச்சில் விழுங்கும்போதெல்லாம் மேலும் கீழும் போய்வரும் அளவுக்கு வளர்ந்தது. அம்மா பாலர் பள்ளியில் ஆசிரியை. ஒரு குழந்தை எழுந்து, "டீச்சர், நீங்க முட்டையை முழுசா முழுங்கிட்டீங்களா?" என்று கேட்ட அன்றுதான் டாக்டரிடம் போக ஒத்துக்கொண்டாள். ஊசி போட்டு எடுத்த பரிசோதனையில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அறுவை சிகிச்சை டாக்டர் வேகமாகப் பேசும் பெண். கட்டி மூச்சுக்குழாயை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது, எடுத்துப் பார்த்தால்தான் நல்லதா கெட்டதா என்று தெரியும், தள்ளிப்போட வேண்டாம் என்றார். தேதியும் கொடுத்தார். எழுந்திருக்கும் நேரத்தில், குரலுக்குப் போகும் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, கவனமாக இருப்போம் என்றும் சொன்னார். அம்மா எதுவும் கேட்கவில்லை. பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

எங்கள் வீட்டில் இதற்கு 'விரல் வைப்பது' என்று பெயர். கண்ணை மூடி, ஜெபம் பண்ணி, பைபிளைத் திறந்து, விரல் நிற்கும் இடத்தைப் படிப்பது. இந்த வீட்டை வாங்கும்போது அம்மா விரல் வைத்தாள். அப்பா வெளியூர் வேலைக்குப் போகாமல் இருந்ததும் ஒரு விரலால்தான். எனக்கு எந்தப் பாடம் எடுப்பது என்ற குழப்பம் வந்தபோதும் வைத்தாள். எகிப்து முழுவதும் தவளைகள் நிரம்பிய பக்கம் வந்தது. அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தவளைன்னா உயிரியல்தானே" என்றாள். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அதனால் அன்று நான் வாயைத் திறக்கவில்லை. இன்று எந்த முகத்தோடு திறப்பது?

அப்பா கட்டட மேஸ்திரி. அவரும் பைபிள் படிப்பார், ஆனால் அளவுகள் வரும் இடங்களை மட்டும். பேழை இத்தனை முழம், ஆலயத்தின் தூண் இத்தனை முழம், சுவர் இவ்வளவு கனம். மனதுக்குள் கட்டிப் பார்த்துவிட்டு மூடி வைப்பார். "இதுல ஒண்ணும் சண்டைக்கு இடமில்ல. மத்ததெல்லாம் பேச்சு" என்பார். அன்று சாயங்காலம் அம்மா விஷயத்தைச் சொன்னதும் தலையை ஆட்டினார். "ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றாள் அம்மா. அதற்கும் தலையை ஆட்டினார். பின்பக்கக் குழாயில் வெகுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தார். நான் அருகில் போனேன்.

"நீங்க ஏதாவது சொல்லக் கூடாதாப்பா?"

"கடவுளே சொல்லிட்டார்ங்கறா. நான் எந்த மூலைக்கு?"

வியாழக்கிழமைகளில் எங்கள் முன்னறையில் வேதபாடக் கூட்டம் நடக்கும். சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள் போடுவது என் வேலை. போட்டுவிட்டு சமையலறைக் கதவுப் பக்கம் நின்றுகொள்வேன். அங்கிருந்தால் யாரும் என்னைப் பார்த்து, "நீ என்ன நினைக்கிற?" என்று கேட்கமாட்டார்கள். வழக்கமாக அம்மாதான் பகுதியை வாசிப்பாள். ஞாயிற்றுக்கிழமை சபையிலும் அவள்தான். அவள் வாசித்தால், கடைசி வரிசையில் தூங்கும் கிழவருக்கும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகப் போய்ச் சேரும் என்பார்கள். அந்த வியாழக்கிழமை பாதியில் குரல் பிசிறியது. தொண்டையைச் செருமிவிட்டு மறுபடி தொடங்கினாள். மறுபடி பிசிறியது. சித்தி புத்தகத்தை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

சித்தி பார்லர் வைத்திருக்கிறாள். அவளுக்கு ஒவ்வொரு காலையும் போனில் ஒரு வசனம் வரும். வந்த கையோடு எல்லாருக்கும் அனுப்பிவிடுவாள். அம்மாவின் வசனத்தைப் பற்றிய பேச்சு வந்ததும், "எனக்குத் தினம் ஒண்ணு போதும்பா. மாத்திரை மாதிரி" என்றாள்.

எதிர் நாற்காலியில் இருந்தவர் கலர் பென்சில் மாமா. வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பைபிளில் கட்டளைகள் சிவப்பு, ஜெபங்கள் நீலம், வாக்குத்தத்தங்கள் பச்சை. சீவிய பென்சில்கள் சட்டைப் பையில் வரிசையாக நிற்கும்.

"மாத்திரைன்னாலும் அட்டைல என்ன எழுதியிருக்குன்னு பார்க்கணும்ல? முழுங்கறதுக்கு முன்னாடியே நாலு பேருக்குக் கொடுத்துடறே. வேதத்துல நுனிப்புல் மேயக் கூடாதும்மா."

"நீங்க மட்டும் என்னவாம்? பச்சைப் புல்லாப் பார்த்து மேயறீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். ஆனால் தன் பைபிளைத் திறந்து அம்மாவிடம் காட்டினார். அந்த வரிகள் பச்சையில் இருந்தன. "நான் இதை என்னிக்கோ போட்டு வச்சிருக்கேன் தங்கச்சி. உறுதியான வாக்கு." அம்மா பென்சிலைக் கேட்டு வாங்கி, தன் பைபிளிலும் பச்சைக் கோடு போட்டாள். பிறகு தன் துன்பங்களை விரல்விட்டு எண்ணினாள். அப்பா சாரத்திலிருந்து விழுந்தது, மழையில் பின்சுவர் சரிந்தது, எனக்கு வந்த மஞ்சள் காமாலை... எப்படிக் கூட்டினாலும் ஆறு வந்தது. இது ஏழாவது.

சித்தி சமையலறைக்கு வந்தாள். என் முழங்கையைப் பிடித்து அலமாரிப் பக்கம் தள்ளினாள்.

"ஏண்டி, படிச்ச பொண்ணுதானே நீ? தினம் ரத்தமும் சதையும் பார்க்கறே. உங்கம்மாகிட்ட எடுத்துச் சொல்லேன். வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

"நீங்க சொல்லுங்களேன் சித்தி."

"நான் சொன்னா விசுவாசம் இல்லாதவம்பா. எங்கக்காவுக்கு நான் இன்னும் ஒன்பதாவதுல ஃபெயிலானவதான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். அங்கே போனதும் குரல் கலகலப்பாகிவிட்டது.

மறுநாள் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் எனக்குச் சாம்பிள் வாங்கும் முகப்பு. அம்மாவுக்குத் தேதி கொடுத்ததும் இதே ஆஸ்பத்திரிதான். வார்டிலிருந்து வந்த தட்டில் ஒரு ரத்தக் குழாயில் மட்டும் பெயர் ஒட்டவில்லை. கொண்டுவந்த ஆள், "மூணாவது கட்டில்காரரோடதுதான் மேடம், சத்தியமா. என் கண்ணு முன்னாடிதான் எடுத்தாங்க" என்றார். என்னால் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல முடியாது. மூத்த டெக்னீஷியன் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"ரத்தம் நல்ல ரத்தம்தான். யாரோடதுன்னுதான் தெரியல. வேற எடுத்துட்டு வாங்க."

அந்த ஆள் முணுமுணுத்துக்கொண்டே போனார். குழாயைக் கழிவுப் பெட்டியில் போட்டேன். அது விழுந்த சத்தத்தோடு ஒரு கேள்வியும் விழுந்தது. அம்மாவின் விரலுக்குக் கீழே இருந்த வரியில் 'அவர்' என்பது கடவுள். சரி. அப்படிச் சொன்னது யார்?

சாப்பாட்டு இடைவேளையில் மாடிப்படியில் உட்கார்ந்து போனில் தேடினேன். எனக்குப் பைபிள் தெரியாது என்று சொல்ல முடியாது. ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கியிருக்கிறேன். ஆனால் யோபு என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம், எல்லாவற்றையும் இழந்தவனின் பொறுமை, உடம்பெல்லாம் புண், உட்கார்ந்திருந்த சாம்பல், கடைசியில் இரண்டு மடங்காகத் திரும்பக் கிடைத்தது. நடுவில் அத்தனை அத்தியாயங்கள் இருப்பதை நான் யோசித்ததே இல்லை. அந்த வரிகளைச் சொன்னது கடவுள் இல்லை. யோபுவும் இல்லை. அவனிடம் துக்கம் விசாரிக்க வந்த மூன்று நண்பர்களில் முதலாவது ஆள். கடைசி அத்தியாயத்துக்குப் போனேன். அங்கே கடவுள் அந்த ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நீயும் உன் இரண்டு நண்பர்களும் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை, யோபுதான் சரியாகப் பேசினான் என்று கோபப்படுகிறார்.

டிபன் டப்பாவை மூடினேன். கண்டுபிடித்த சந்தோஷம் இல்லை. இதை எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் நீட்டினால் என்ன ஆகும்? அவள் பிடித்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு கயிறு. அது வேறு யாரோ கட்டியது என்று நான் அறுத்துவிட்டால், அவள் எதைப் பிடித்துக்கொண்டு ஆபரேஷன் தியேட்டருக்குள் போவாள்? போகாமலும் இருக்கலாம். சொல்லாமல் விட்டால் கட்டி வளரும். அது யாருடைய வசனத்துக்கும் காத்திருக்காது.

சாயங்காலம் அம்மா நோட்டுகள் திருத்திக்கொண்டிருந்தாள். குழந்தைகள் வரைந்த ஆப்பிள்களுக்கு நட்சத்திரம் போட்டுக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்தேன்.

"அம்மா, யோபுவை முழுசாப் படிக்கலாமா? முதல்லேர்ந்து. சத்தமா."

"எதுக்கு?"

"எனக்கு அந்தக் கதை சரியாத் தெரியாது."

அது பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நானாகக் கேட்டு அவளோடு பைபிள் படித்து வருடங்கள் ஆகியிருக்கும். பேனாவை மூடிவைத்தாள்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் வாசித்தோம். அம்மா கட்டிலில், நான் தரையில். அப்பா வாசல் பக்கம் உட்கார்ந்து, சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கும் தூக்குக்குண்டின் நூலைச் சிக்கெடுத்துக்கொண்டிருப்பார். அம்மாவுக்கு நண்பனின் பேச்சு பிடித்திருந்தது. சபையில் வாசிப்பதைப்போல நிறுத்தி, ஏற்றி இறக்கி வாசித்தாள். பச்சைக் கோடு போட்ட இடம் வந்ததும் குரலை உயர்த்தினாள். அது உடைந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வாசித்தாள். அவன் கடைசியில், நாங்கள் இதையெல்லாம் ஆராய்ந்து பார்த்துவிட்டோம், இது இப்படித்தான், நீ கேட்டுக்கொள் என்கிற பாணியில் முடிக்கிறான்.

"யாரு இது பேசறது?" என்றார் அப்பா, நூலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அவனோட ஃபிரண்டு."

"ஆள் உடம்பு பூராப் புண்ணோட உக்காந்திருக்கான். இவன் வந்து ஆறு, ஏழுன்னு கணக்குச் சொல்றானா?"

"நடுவுல பேசாதீங்க. வாசிக்கும்போது."

அவள் எரிச்சலாகச் சொன்னாலும் அந்தப் பக்கத்தை உடனே திருப்பவில்லை.

தொண்டை வலித்ததால் அடுத்ததை என்னை வாசிக்கச் சொன்னாள். யோபுவின் பதில். நான் எப்போதும் வாசிப்பதைப்போலவே வாசித்தேன். பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். பள்ளியில் என்னை மேடை ஏற்றிவிட்டு, மைக் வேலை செய்யவில்லை என்று நினைத்து ஆள் அனுப்பியிருக்கிறார்கள்.

"என்னடி முணுமுணுக்கறே? அவன் எவ்வளவு வேதனைல பேசறான். கத்துடி."

"எனக்குக் கத்த வராதும்மா."

"யோபுவுக்கு வருதில்ல? கத்து."

கத்தினேன். எனக்கே என் குரல் அந்நியமாக இருந்தது. அப்பா நிமிர்ந்து பார்த்தார். உயிரோடு இருப்பதே வெறுத்துவிட்டது என்றான் யோபு. என்னை ஏன் குறி வைத்திருக்கிறீர் என்று கேட்டான். ஒரு இடத்தில், நான் எச்சில் விழுங்கும் நேரமாவது என்னை விட்டுவைக்கமாட்டீரா என்று கடவுளையே கேட்டான்.

"நிறுத்து" என்றாள் அம்மா.

அவள் கை கழுத்தில் இருந்தது. கட்டி மேலே போய் மெதுவாகக் கீழே வந்தது.

"எச்சில் முழுங்கறது... இது இதுல இருக்கா?"

"இருக்கும்மா."

"இத்தனை வருஷமா நான் பார்த்ததே இல்லையே. திரும்பப் படி."

திரும்பப் படித்தேன். அன்று அதற்குமேல் வாசிக்கவில்லை.

பிறகு நண்பர்களும் யோபுவும் மாறி மாறிப் பேசிக்கொண்டே போனார்கள். ஒருநாள் சித்தி வந்து கேட்டுவிட்டு, "இவனுங்களுக்கு வேலைவெட்டியே இல்லையா? ஆறுதல் சொல்ல வந்தவன் அரை மணியில கிளம்ப வேணாமா?" என்றாள். அம்மாவின் வாசிப்பு மாறியிருந்தது. நண்பர்கள் பேசும் பக்கங்களை ஏற்ற இறக்கமில்லாமல் கடந்தாள். யோபு வந்ததும் என்னிடம் கொடுத்து, கண்ணை மூடிக் கேட்டாள். டாக்டர் கொடுத்த தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. கடைசி அத்தியாயம் ஒன்று அங்கே காத்திருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். நான் இழுத்துக்கொண்டு போய் அவளை அதில் தள்ளுகிறேனோ என்று பயந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், சபைக்குப் போய்வந்த துணியோடேயே அம்மா பைபிளை எடுத்தாள். "இன்னிக்கு முடிச்சிடலாம். நானே வாசிக்கறேன்." கரகரத்த குரலில் நிதானமாக வாசித்தாள். கடவுள் அந்த நண்பனைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் இடம் வந்தது. வாசித்தாள். அடுத்த வரிக்குப் போகவில்லை. பக்கங்களை முன்னால் புரட்டினாள். பச்சைக் கோடு இருந்த பக்கத்தைக் கண்டுபிடித்தாள். அத்தியாயத்தின் தொடக்கத்துக்குப் போய், அதற்கும் முன்னால் போய், மூன்று நண்பர்களில் யார் பேச ஆரம்பித்தது என்று விரலால் தேடினாள். இரண்டு பக்கங்களுக்கும் நடுவே விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இவன்தானா?"

நான் தலையசைத்தேன்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ம்."

"ஏண்டி சொல்லல?"

"பயமா இருந்துச்சும்மா. உன்கிட்ட இருந்ததைப் பிடுங்கற மாதிரி."

வாசலில் நூலைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த அப்பாவின் கை நின்றது. நான் அழுகையை எதிர்பார்த்தேன், கோபத்தை எதிர்பார்த்தேன். அவள் தோள்கள் குலுங்கின. பிறகுதான் தெரிந்தது, சிரிக்கிறாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கி, மறுபடி சிரிப்பாக வந்தது.

"இத்தனை நாளா இவன் பேச்சை நம்பிக்கிட்டுத் தலையணைக்குக் கீழ வச்சுத் தூங்கியிருக்கேன். கடவுளே திட்டி அனுப்பின ஆளை."

"அவன் சொன்னது எல்லாமே தப்புன்னு இல்லம்மா. ஆனா உனக்குச் சொன்ன வாக்குன்னு..."

"தெரியுது, விடு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணு சொல்லட்டுமா? அன்னிக்கு நான் விரல் வச்சது ஒரு தடவை இல்ல. முதல் தடவை வம்ச வரலாறு வந்துச்சு, இன்னார் மகன் இன்னார், இன்னார் மகன் இன்னார்னு. ரெண்டாவது தடவை வந்தது படிக்கவே முடியல, அவ்வளவு பயங்கரம். மூணாவது தடவைதான் இது வந்துச்சு. உடனே உன்னைக் கூப்பிட்டேன்."

பரிசோதனைக் கூடத்தில் இப்படிச் செய்தால் வேலை போய்விடும். ஆனால் அதைச் சொல்லும் நேரம் அது இல்லை. அவள் காலடியில் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"ஏம்மா அத்தனை தடவை?"

அவள் யோபுவின் பக்கங்களைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"இந்த ஆள் என்னவெல்லாம் கேட்டான். எனக்கு அப்பப்போ மேல் கூசிச்சு, கடவுள்கிட்ட இப்படியா பேசறதுன்னு. கடைசில இவன்தான் சரியாப் பேசினான்ங்கறார்." மூச்சை இழுத்தாள். "அப்போ பயமா இருக்குன்னு சொல்லலாம்போல. சொன்னா விசுவாசம் இல்லன்னு ஆகாதுபோல."

"சொல்லும்மா."

"பயமா இருக்குடி. செத்துடுவேன்னு இல்ல. அந்த டாக்டரம்மா நரம்புன்னு சொன்னாங்களே. குரல் போயிட்டா நான் யாரு? பிள்ளைங்களை எப்படிக் கூப்பிடுவேன்? சபைல என்னை எதுக்குத் தேடுவாங்க?"

சொல்லி முடித்ததும் அவள் முகம் தளர்ந்தது. பல நாளாகத் தூக்கிக்கொண்டிருந்த தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தவள்போல, தோள்களைச் சுழற்றிக்கொண்டாள். நான் அவள் முழங்காலில் தலையை வைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "தேதியை விட்டுட்டோமே. மறுபடி போய் நின்னா அந்தம்மா என்ன சொல்லுவாங்களோ" என்றாள்.

அப்பா தூக்குக்குண்டைப் பையில் போட்டார்.

"எங்க விட்டோம்? தேதி அப்படியேதான் இருக்கு."

"நீங்கதானே போன் பண்ணிச் சொல்றேன்னீங்க?"

"நான் எங்க சொன்னேன்? நீ சொன்னே. நான் தலையை ஆட்டினேன்."

அம்மா தலையணையை எடுத்து அவர்மேல் வீசினாள். அது வாசற்படி வரைக்கும்கூடப் போகவில்லை.

டாக்டரிடம் அம்மாவே பேசினாள். எனக்குப் பயமாக இருக்கிறது, குரல் போய்விடுமா என்று நேராகக் கேட்டாள். வேகமாகப் பேசும் அந்த டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஒரு தாளில் கழுத்தை வரைந்து, நரம்பு எங்கே ஓடுகிறது, எப்படிப் பார்த்துப் பார்த்து ஒதுக்குவார் என்று காட்டினார். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, சிலருக்குச் சில மாதம் குரல் மெலிந்திருக்கும், அபூர்வமாகத் திரும்பாமலும் போகும் என்றார். "இப்பவாவது கேட்டீங்களே. ஒண்ணுமே கேக்காம கையெழுத்துப் போடறவங்களைப் பார்த்தாத்தான் எனக்குப் பயம்" என்றார். அம்மா அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஆபரேஷன் நடந்த நேரம் முழுவதும் அப்பா நடைபாதையின் நீளத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தார். சித்தி எல்லாருக்கும் வசனம் அனுப்பிக்கொண்டிருந்தாள். இந்த முறை ஒவ்வொன்றையும் படித்துவிட்டு அனுப்பினாள். உதடு அசைந்ததில் தெரிந்தது. அம்மாவை வார்டுக்குக் கொண்டுவந்தபோது கழுத்தில் வெள்ளைக் கட்டு. கண் திறந்தாள், மூடினாள். டாக்டர், "எல்லாம் நல்லபடியாப் போச்சு. முழிச்சதும் பேசச் சொல்லிப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பேசச் சொல்ல எங்கள் யாருக்கும் தைரியம் வரவில்லை. நான் பைபிளைத் திறந்து, மற்ற கட்டில்காரர்களுக்குக் கேட்காதபடி மெதுவாக வாசிக்க ஆரம்பித்தேன். அம்மாவின் உதடு அசைந்தது. குனிந்தேன்.

"கேக்கல" என்றாள். காகிதம் உரசுவதைப்போல ஒரு குரல். ஆனால் குரல். "கத்துடி."

சித்தி வாயைப் பொத்திக்கொண்டு நடைபாதைக்கு ஓடினாள். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அடுத்த நாள் முகப்பில் நான் இருந்தபோது அம்மாவின் கட்டியை வைத்த புட்டி வந்தது. மூடியிலும் பக்கத்திலும் அம்மாவின் பெயர், வயது, எந்தப் பக்கம், எந்தத் தேதி, யார் எடுத்தது. எழுத்துக்கு எழுத்து சரி பார்த்தேன். பதிந்துவிட்டு உள்ளே கொடுத்தேன். சில நாள் கழித்து நோயியல் மேடம் என்னை உள்ளே கூப்பிட்டு, நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, "சாதாரணக் கட்டிதான்மா. வீட்டுக்குப் போய்ச் சொல்லு" என்றார். வயிற்றில் பால் வார்த்ததுபோல என்பதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அது உண்மையாகவே வயிற்றில்தான் நடக்கிறது.

வீட்டுக்குப் பார்க்க வந்த கலர் பென்சில் மாமா தன் பைபிளைத் திறந்து வைத்துக்கொண்டு தவித்தார். சித்தி அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

"இப்போ இதை என்ன கலர்ல போடறது தங்கச்சி? ரப்பர் போட்டாலும் பச்சை போகமாட்டேங்குது."

"அழிக்காதீங்கண்ணே" என்றாள் அம்மா, அந்தக் காகிதக் குரலில். "ஓரத்துல ஆள் பேரை எழுதி வைங்க. போதும்."

விரல் வைப்பதை அம்மா விடவில்லை. அது கை பழகிய பழக்கம். ஆனால் விரல் நின்ற இடத்திலிருந்து இப்போது முன்பக்கமாக நகர்கிறாள். யார் பேசுகிறார்கள் என்று தெரியும்வரை போய்விட்டு, அங்கிருந்து திரும்பி வாசித்து வருகிறாள். சில நாள் அதில் பள்ளிக்கு நேரமாகிவிடுகிறது.

குரல் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. திரும்பலாம், கொஞ்சம் குறைந்தே நிற்கவும் செய்யலாம் என்கிறார் டாக்டர். பாலர் பள்ளியில் அவளுக்கு ஒரு சின்ன மணி கொடுத்திருக்கிறார்கள். குழந்தைகள் அவள் பேசும்போது பக்கத்தில் வந்து நெருக்கி உட்காருகிறார்களாம். சபையில் அவளுக்குப் பதிலாக என்னை வாசிக்கச் சொன்னார்கள். நான் இரண்டு ஞாயிறு வாசித்தேன். கடைசி வரிசைக்கும் கேட்டதாம். மூன்றாவது ஞாயிறு அம்மா, "இன்னிக்கு நான் பார்க்கறேன்" என்று எழுந்து போனாள்.

மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள். முன்பெல்லாம் நேராக வாசிக்கத் தொடங்கிவிடுவாள். அன்று நிமிர்ந்து எங்களைப் பார்த்து, இதைப் பேசுவது யார், யாரிடம், எந்த நிலையில் என்று இரண்டு வாக்கியம் சொன்னாள். பிறகு வாசித்தாள். மெல்லிய குரல். கூரை விசிறிகளின் சத்தத்தில் பாதி கரைந்துபோனது. கடைசி வரிசைக் கிழவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார். அம்மா நிறுத்தவில்லை, கத்தவும் முயலவில்லை. எனக்கு முன்வரிசையிலிருந்து கலர் பென்சில் மாமா எழுந்து, பென்சில்கள் கலகலக்க, சுவரோரமாக நடந்து, ஒரு விசிறியின் சுவிட்சை அணைத்தார். அடுத்ததை அப்பா அணைத்தார். எதிர்ச் சுவரில் சித்தி.

வெயில் நேரம். யாரும் விசிறிக்கொள்ளவில்லை. தலைக்கு மேலே இறக்கைகள் ஒவ்வொன்றாக வேகம் குறைந்து, தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்து, சுற்றிக்கொண்டே, நின்றுகொண்டிருந்தன.